முன்னாள் படைவீரரின் பணி ஆவணப் பிழைகளைத் திருத்துவதும் விடுபட்ட பதக்கங்களைக் கேட்டுப் பெறுவதும்

இராணுவப் பணி ஆவணத்தில் உள்ள பிழை பெரும்பாலும் வீரர் பணியில் இருக்கும்போது யார் கண்ணிலும் படுவதில்லை. மனைவியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறந்த தேதி எழுதப்படாமலே இருக்கும். 1971 போரில் பணியாற்றியதற்கான பதக்கம் பதிவாகாமல் போயிருக்கும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை இவை எதையும் தடுப்பதில்லை. வீரர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி விண்ணப்பிக்கும்போதோ, பாதுகாப்புப் படையினருக்கு ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆதார் விவரத்துடன் ஒப்பிடும்போதோதான் அது முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. அப்போது கையில் இருப்பது பணி விலகும்போது தந்த, நைந்துபோன டிஸ்சார்ஜ் புத்தகமும் மங்கலான ஒரு நகலுமாக இருப்பதால், பலரும் பதற்றத்தில் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே மனுவை அனுப்பிவிட்டு, எங்கிருந்தும் உருப்படியான பதில் வராமல் சோர்ந்துபோகிறார்கள்.

இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிழை எந்தத் தாளில் பிறந்தது? பிறந்த இடத்தில் திருத்தினால் அதன் வழியாக வந்த பிற ஆவணங்களைத் திருத்துவது எளிது. பின்னால் வந்த தாளில் மட்டும் திருத்தக் கேட்டால், மூலப் பதிவோடு பொருந்தவில்லை என்ற காரணத்தைக் காட்டி மனுவைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஆவணங்களின் வரிசையைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஆவணங்களின் வரிசை

படையில் சேர்ந்த நாளில் எழுதப்படும் சேர்ப்புப் படிவமும், அதையொட்டித் தொடங்கப்படும் ஷீட் ரோல் எனப்படும் பணிப் பதிவேடும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், கல்வித் தகுதி ஆகியவை இங்கேதான் முதலில் எழுதப்படுகின்றன. அதன்பின் பணிக்காலத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், அதாவது திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம், காயம், பதக்கம் எல்லாம், அந்தந்தப் படைப்பிரிவு வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவாணை வழியாக, வீரர்களின் ஆவணங்களைக் காக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குச் சென்று பதிவேட்டில் ஏறுகின்றன. பார்ட் டூ ஆர்டர் வெளியாகாத நிகழ்வு, ஆவணத்தைப் பொறுத்தவரை நடக்காத நிகழ்வுதான். திருமணத்துக்கு விடுப்பு எடுத்துச் சென்று, தோழர்களுக்கு இனிப்பும் கொடுத்துவிட்டு, திருமணத்தைப் பதிவு செய்யும் படிவத்தை மட்டும் கொடுக்க மறந்தவர்கள் எத்தனையோ பேர்.

பணி முடிந்து விலகும்போது, பதிவேட்டில் உள்ளவற்றின் சுருக்கமாக டிஸ்சார்ஜ் புத்தகம் வழங்கப்படுகிறது. ஓய்வூதியத்துக்கான விவரங்களை ரெக்கார்ட் ஆபீஸ் தொகுத்து அனுப்ப, பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியத்துக்கான முதன்மைப் பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஓய்வூதிய ஆணையை, அதாவது பி.பி.ஓ.வை, வெளியிடுகிறது. கடற்படையினருக்கு மும்பையிலும் விமானப்படையினருக்கு டெல்லியிலும் உள்ள கணக்கு அலுவலகங்கள் அதே வேலையைச் செய்துவந்திருக்கின்றன. இறுதியாக, இந்த ஆணையில் உள்ள விவரங்கள் ஸ்பர்ஷ் அமைப்பில் ஏற்றப்பட்டு, இப்போது அங்கிருந்தே ஓய்வூதியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது.

இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒரு எழுத்தர் பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளில் எழுதியிருக்கிறார் அல்லது தட்டச்சு செய்திருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சரியாக இருந்து ஓய்வூதிய ஆணையில் தவறாக இருந்தால், பிழை நகலெடுத்தபோது நேர்ந்தது, திருத்துவது எளிது. ஆணையிலும் சரியாக இருந்து ஸ்பர்ஷில் மட்டும் தவறாக இருந்தால், தரவு ஏற்றியபோது நேர்ந்தது, இன்னும் எளிது. ஷீட் ரோலிலேயே தவறாக இருந்தால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

உங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் எது?

தரைப்படையில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானோரின் ஆவணங்கள் அவரவர் ரெஜிமெண்ட் அல்லது கோர் சார்ந்த ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்களுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன், மதராஸ் எஞ்சினியர் குரூப்பைச் சேர்ந்தவர்களுக்குப் பெங்களூரு, சிக்னல்ஸ் பிரிவினருக்கு ஜபல்பூர், பீரங்கிப் படையினருக்கு நாசிக் ரோடு, மின், இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ.யினருக்குச் செகந்திராபாத், மருத்துவப் பிரிவினருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்குர்த்தில் உள்ள மாலுமிகள் பணியகத்திலும், விமானப்படை வீரர்களுடையவை டெல்லி சுப்ரதோ பார்க்கிலும் உள்ளன. தரைப்படையில் அதிகாரிகளாக ஓய்வுபெற்றவர்கள் டெல்லியில் உள்ள தரைப்படைத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையை அணுக வேண்டும்.

ஓய்வுபெற்ற பின், பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரில் மீண்டும் சேர்ந்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு முதல் பணிக்கான ஆவணம் பழைய ரெஜிமெண்டிலும், இரண்டாம் பணிக்கான ஆவணம் கண்ணூரில் உள்ள ரெக்கார்ட் ஆபீசிலும் இருக்கும். இரண்டு ஓய்வூதியம் பெறுகிறவர்களின் ஆவணங்களில் மனைவியின் பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் இருப்பது அரிதல்ல. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது.

மூலத் தாளைக் கண்ணால் பாருங்கள்

பிழை எங்கே இருக்கிறது என்பதை ஊகித்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். முதலில் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் ஷீட் ரோலின் தொடர்புடைய பக்கங்களின் நகலையும், திருமணம் அல்லது பதக்கம் குறித்த பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி ஆகியவற்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். அந்தச் சட்டம் இராணுவத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவை விலக்களிக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் உள்ளன. முப்படைகள் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டணம் 10 ரூபாய். போஸ்டல் ஆர்டராக இணைக்கலாம். பதில் தருவதற்கான காலம் 30 நாள். பதில் வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின்னரும் தேவைப்பட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வீரர் உயிரோடு இருக்கும்போது மகனோ மகளோ தங்கள் பெயரில் விண்ணப்பித்தால், பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருக்கிறது. தட்டச்சு செய்வது பிள்ளையாக இருந்தாலும் விண்ணப்பதாரர் வீரராகவே இருக்கட்டும். கையொப்பமோ கைரேகையோ அவருடையதாக இருக்கட்டும். அவர் இறந்திருந்தால் மனைவியின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓய்வூதியம் இல்லாமல் குறுகிய காலப் பணியில் விலகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அத்தகையோரின் ஆவணங்கள் விலகிய நாளிலிருந்து 25 ஆண்டுகள் மட்டுமே பாதுகாக்கப்பட்டு, பின்னர் விதிப்படி அழிக்கப்படுகின்றன. அவர்களுக்குப் பெரும்பாலும் கையில் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகமும், ரெக்கார்ட் ஆபீசில் நிரந்தரமாக வைக்கப்படும் சுருக்கப் பதிவேட்டு வரியும்தான் மிஞ்சும். எனவே அந்தப் புத்தகத்தை இன்றே எல்லாப் பக்கங்களும் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது நல்லது. லேமினேஷன் செய்ய வேண்டாம். பின்னர் ரெக்கார்ட் ஆபீஸ் அதில் திருத்தம் எழுதி முத்திரையிட வேண்டியிருக்கலாம்.

பெயர்: தமிழருக்கே உரிய சிக்கல்

நம் ஊர் வீரர்களின் பிழைகளில் பெரும்பகுதி பெயர் சார்ந்தது. காரணம் எளிது. நமக்குத் தந்தை பெயரின் முதல் எழுத்து தலைப்பெழுத்தாக வருகிறது. ஆவணப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தருகிறது. சேர்ப்பு முகாமில் 'மு. முருகன்' என்று சொன்னவர் ஒரு தாளில் வெறும் முருகன் ஆகிறார். இன்னொன்றில் தலைப்பெழுத்து பின்னால் போகிறது. மற்றொன்றில் தந்தை பெயரே அவர் பெயராக நிற்கிறது. வடமாநில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய 'லட்சுமி' ஆங்கிலத்தில் மூன்று விதமாக வருகிறாள். ழகரமும் ளகரமும் படும் பாடு தனிக் கதை.

இங்கே முதல் முடிவு, எதை எதற்கேற்பத் திருத்துவது என்பது. படை ஆவணத்தில் பெயர் சரியாக இருந்து, ஆதாரிலோ பான் அட்டையிலோ மாறியிருந்தால், ஆதாரையும் பானையும் படை ஆவணத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதே விவேகம். அது உள்ளூரிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே பொதுவாக மாற்ற முடியும் என்பதால், படை ஆவணத்தின் எழுத்துக்கூட்டலைக் கையில் வைத்துக்கொண்டு, இடைவெளியும் தலைப்பெழுத்தும் உட்பட அப்படியே எழுதிக் கொடுங்கள். வீரரின் சொந்தப் பெயரை ஓய்வுக்குப் பின் படை ஆவணத்தில் மாற்றுவது கடினமான வழி. பெயர் பதிவானது போலவே அவர் பணியாற்றியிருக்கிறார் என்பதால், வெளிப்படையான எழுத்துப் பிழை தவிர வேறெதையும் ரெக்கார்ட் ஆபீஸ் எளிதில் ஏற்பதில்லை.

மனைவியின் பெயர் வேறு விஷயம். எழுத்துக்கூட்டல் வேறுபாடு சிறியதாக இருந்தால், இரு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் எடுக்கப்பட்ட உறுதிமொழிப் பத்திரமும், வட்டாட்சியர் அளவிலான சான்றும், கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்கும் சான்றொப்பமிட்ட புகைப்படமும், ஆதார், பான் நகல்களும் வழக்கமாகக் கேட்கப்படும். பெயரே முற்றிலும் வேறாக இருந்தால், எடுத்துக்காட்டாக வீட்டில் அழைக்கும் பெயரை அன்று பதிவு செய்துவிட்டு, பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அந்த இதழை இணைப்பதே உறுதியான வழி.

திருமணமே பதிவாகாமல் போயிருந்தால் திருமணச் சான்றிதழ் தேவைப்படும். பழைய திருமணங்களுக்கு அது இருக்காது. இப்போது பதிவு செய்ய முடிந்தால் செய்துகொள்ளுங்கள்; இல்லையென்றால் பழைய குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், தாய் தந்தை பெயர் உள்ள பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்து நிறுவ வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் விசாரணை அறிக்கைக்கு இங்கே மிகுந்த மதிப்பு உண்டு. இதை வீரர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். அவர் கையொப்பம் ஒன்று செய்யும் வேலையை, அவருக்குப் பின் பத்துச் சான்றுகள் சேர்ந்தாலும் செய்வது கடினம். முதல் மனைவி இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் போன்றவை எழுத்துத் திருத்தத்தின் எல்லைக்குள் வராதவை. அவற்றுக்குச் சட்ட ஆலோசனை தேவை.

பிறந்த தேதி

வீரரின் பிறந்த தேதியைப் பொறுத்தவரை, சேர்ப்பின்போது ஏற்கப்பட்ட தேதியே இறுதியானது என்பதுதான் நடைமுறை. பணியின் இறுதிக்கட்டத்தில் தேதியை மாற்றக் கேட்பதை ஏற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை கூறியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியை எழுத்தர் தவறாக எழுதினார் என்று காட்ட முடிந்தால் மட்டுமே முயன்று பார்க்கலாம்.

மனைவியின் பிறந்த தேதிக்கு அந்த இறுக்கம் இல்லை; ஆனால் அதன் பண மதிப்பைப் பலர் உணர்வதில்லை. குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்ததும் 20 விழுக்காடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் 100 விழுக்காடும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இல்லாவிட்டால் அந்த உயர்வு தானாக வராது. பழைய ஆணைகளில் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை. பான் அட்டை, கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ், தேதி குறிப்பிட்ட ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றை வைத்து இதைப் பதிவு செய்யலாம். எல்லாச் சான்றிலும் ஒரே தேதி இருக்கும்படி முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்றில் ஆண்டு மட்டும் மாறியிருந்தாலும் அங்கேயே கோப்பு நின்றுவிடும்.

பதவி, பணிக்காலம், காயம்

ஓய்வூதியத் தொகையை நிர்ணயிப்பவை பதவி, குரூப் எனப்படும் ஊதியப் பிரிவு, தகுதிப் பணிக்காலம் ஆகிய மூன்றும். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். ஓய்வுக்குப் பின் குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ வழங்கப்பட்ட கௌரவப் பதவி டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லை. அதற்குத் தனி ஆணையும் திருத்திய ஓய்வூதிய ஆணையும் உண்டா என்று பார்க்க வேண்டும். நாயப் சுபேதாராக உயர்ந்தவர்களுக்கு ஜே.சி. என்று தொடங்கும் புதிய எண் வந்திருக்கும். பழைய எண்ணையும் சேர்த்தே எல்லாக் கடிதங்களிலும் எழுதுங்கள், இல்லையென்றால் பழைய பதிவுகளைத் தேடி எடுப்பது கடினமாகும்.

உடல் குறைபாடு இராணுவப் பணியால் ஏற்பட்டதல்ல என்று மருத்துவக் குழு எழுதியிருந்தால், அது எழுத்துப் பிழை ஆகாது, ஒரு தீர்மானம். அதை எதிர்த்து முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று தனி வழி இருக்கிறது. அதற்கான காரணங்களை ஆவணத் திருத்த மனுவோடு கலந்து எழுதினால் இரண்டுமே நகராது. அதே சமயம், மோதலில் காயமடைந்தவர் போர்க் காயம்பட்டவராகப் பதிவாகாமல் சாதாரண விபத்தாகப் பதிவாகியிருந்தால், அது பார்ட் டூ ஆர்டர் சார்ந்த பிழை; மருத்துவமனை ஆவணத்தையும் படைப்பிரிவின் காய அறிக்கையையும் வைத்துத் திருத்தக் கேட்கலாம். காயத்துக்கான பதக்கமும் ஓய்வூதிய வகையும் அந்த ஒரு பதிவைத்தான் சார்ந்திருக்கின்றன.

பதக்கங்கள்

பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் அணுகுமுறை முற்றிலும் வேறு. முதல் வகை, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றிய அனைவருக்கும் தகுதியின் பேரில் வழங்கப்படுபவை. 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும். 1971 போருக்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டாரும், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டாரும், அவற்றோடு சங்க்ராம் மெடலும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்தவர்களுக்கு 'ஸ்ரீலங்கா' என்ற பட்டையுடன் ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும். கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும். சியாச்சின் பனிப்பாறைப் பணிக்குத் தனிப் பதக்கமும். 9, 20, 30 ஆண்டுப் பணிக்கு நீண்ட காலப் பணிப் பதக்கங்களும். சுதந்திரத்தின் 25, 50, 75-ஆம் ஆண்டு நினைவுப் பதக்கங்களும் இந்த வகை. இவை விடுபட்டிருந்தால் கேட்டுப் பெறலாம். நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தத் தேதிகளில் நீங்கள் அந்தப் பகுதியில் இருந்த படைப்பிரிவின் பட்டியலில் இருந்தீர்கள் என்பது. அதற்குப் பார்ட் டூ ஆர்டரில் உள்ள இடமாற்றப் பதிவுகளும், களப்பகுதிப் படி பெற்ற பதிவும் போதுமானவை. அட்டாச்மெண்டில், அதாவது தற்காலிகமாக, வேறு பிரிவோடு சென்றவர்களுக்குத்தான் பதக்கம் அதிகமாக விடுபட்டிருக்கிறது. சொந்தப் பிரிவு இவர் இங்கே இல்லை என்று விட்டுவிட்டது. சென்ற பிரிவு இவர் நம்மவர் அல்லர் என்று விட்டுவிட்டது.

இரண்டாம் வகை வீரதீர விருதுகள். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவையும், அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா, சேனா மெடல் ஆகியவையும் மேலதிகாரியின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படுபவை. விண்ணப்பித்துப் பெறுபவை அல்ல. நாற்பது ஆண்டுக்குப் பின் 'எனக்குப் பரிந்துரைத்திருந்தார்கள்' என்று எழுதும் மனுக்கள் அனேகமாகத் தோற்றுவிடுகின்றன. அவற்றில் காலத்தைச் செலவிடுவதற்கு முன் இருமுறை யோசிக்கச் சொல்வேன். ஆனால் வழங்கப்பட்ட விருது ஆவணத்தில் ஏறாமல் போயிருந்தால் நிலைமை வேறு. வீரதீர விருதுகள் இந்திய அரசிதழில் அறிவிக்கப்படுகின்றன. அந்த அறிவிப்பின் நகலே மறுக்க முடியாத சான்று. இதில் பணமும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 1 முதல் பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரதீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 என்று படி உயர்த்தப்பட்டது. சிறப்புப் பணிக்கான சேனா மெடலுக்கு இந்தப் படி இல்லை. எனவே ஆணையில் வெறும் 'சேனா மெடல்' என்று மட்டும் இருந்து, எதற்காக வழங்கப்பட்டது என்பது இல்லாவிட்டால், அந்த ஒரு சொல்லுக்காகத் திருத்தம் கேட்பது தகும்.

பதக்கம் வீட்டுப் பெட்டியில் இருந்து, ஆவணத்தில் மட்டும் இல்லையென்றால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். அரசு வழங்கும் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தெளிவாகப் படமெடுத்து இணைத்தால் கேள்விக்கே இடமில்லை. சீருடைக் கடையில் வாங்கி மாட்டிய நகலுக்கு அந்த எழுத்து இருக்காது. பதக்கம் தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகாரின் நகலுடன் மாற்றுப் பதக்கம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

விண்ணப்பத்தை எழுதும் முறை

ரெக்கார்ட் ஆபீசுக்கான கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது; அங்கே கோப்பைக் கையாள்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு கடிதத்தில் ஒரு திருத்தம் மட்டும் கேளுங்கள். மனைவி பெயரும் பதக்கமும் பதவியும் ஒரே கடிதத்தில் இருந்தால், அவை மூன்று வெவ்வேறு மேசைகளுக்குப் போக வேண்டியவை என்பதால், முதல் மேசை தன் பங்கை முடித்து முழுக் கோப்பையும் மூடிவிடும். தலைப்பிலேயே படை எண், அதன் இறுதியில் வரும் ஆங்கில எழுத்து, பதவி, பெயர், விலகிய தேதி, ஓய்வூதிய ஆணை எண் ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர் இப்போது பதிவாகியிருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, அதற்குச் சான்று எந்த இணைப்பு என்ற மூன்றையும் நேரடியாகச் சொல்லுங்கள். நாட்டுக்காகச் சிந்திய வியர்வையைப் பற்றி எழுதத் தோன்றும். நியாயமான உணர்ச்சிதான், ஆனால் அதைப் படித்து யாரும் பதிவேட்டைத் திருத்துவதில்லை. சான்றின் பக்க எண்ணைப் படித்துத்தான் திருத்துவார்கள்.

இணைப்புகளில் மூலச் சான்றிதழை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பமும் மேலொப்பமும் பெற்று, அந்த அலுவலகத்தின் முகப்புக் கடிதத்துடன் அனுப்பினால், நேரடியாகப் போகும் தனிக் கடிதத்தைவிட விரைவாக நகரும். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. உள்ளே ஆள் தெரியும் என்று சொல்லித் தொகை கேட்கும் இடைத்தரகர்களிடம், ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொடுத்து ஓய்வூதியத்தையே இழக்கும் ஆபத்து இருக்கிறது.

ஸ்பர்ஷில் முகவரி, கைபேசி எண் போன்றவற்றை ஓய்வூதியரே மாற்றக் கோரலாம். பெயர், பிறந்த தேதி, குடும்ப உறுப்பினர் போன்ற அடிப்படை விவரங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் ஒப்புதலைத் தாண்டித்தான் மாறும். ஆகவே பதிவேட்டில் திருத்தம் ஏறுவதற்கு முன் ஸ்பர்ஷில் மீண்டும் மீண்டும் புகார் போடுவதில் பயனில்லை.

பதில் வராவிட்டால், மறுக்கப்பட்டால்

நியாயமான காலம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால், முதல் கடிதத்தின் நகலையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் இணைத்து நினைவூட்டல் அனுப்புங்கள். அடுத்த படி, மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் புகார் பதிவு செய்வது. அங்கே வரும் பதில் பெரும்பாலும் சுருக்கமாக இருக்கும். ஆனால் எந்த அலுவலகத்தில் கோப்பு நிற்கிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும், அதுவே பாதி வெற்றி.

எழுத்து மூலம் மறுத்துவிட்டால், 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழ்நாட்டினருக்குச் சென்னை அமர்வு. இறுதி ஆணை கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு. மனுவுக்குப் பதிலே வராவிட்டால், மனு கொடுத்து ஆறு மாதம் முடிந்தபின் அடுத்த ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே போவதற்கு முன் துறைக்குள் இருந்த வழிகளைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்பார்கள் என்பதால், அதுவரை அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும் ரசீதும் தேதி வரிசையில் இருக்க வேண்டும். ஓய்வூதியம் தொடர்பான பழைய கோரிக்கைகள் தாமதத்துக்காக மட்டும் தள்ளுபடி ஆவது குறைவு. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பின்பற்றி, பாக்கித் தொகையை வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரையறுத்த தீர்ப்புகள் பல இருக்கின்றன. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கையிலிருந்து போகும் பணமாகலாம்.

திருத்தம் வந்தபின்

பதிவேட்டில் திருத்தியதற்கான பார்ட் டூ ஆர்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதன்பின் திருத்திய ஓய்வூதிய ஆணை வரும். அதில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், ஏனெனில் பழைய பிழையைத் திருத்தும்போது புதிய பிழை புகுவதும் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தை ரெக்கார்ட் ஆபீசில் கொடுத்து அதிலும் திருத்தம் எழுதி முத்திரை வாங்கலாம். நேரில் கொடுக்க முடியாதவர்கள் முழு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அனுப்ப வேண்டும். ஸ்பர்ஷில் விவரம் மாறியிருக்கிறதா, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். அட்டையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா, மாவட்ட நல அலுவலக அடையாள அட்டையில் மாற்றம் ஏறியதா, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் அதே எழுத்துக்கூட்டலில் உள்ளதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, திருத்திய ஆணையின் ஒரு நகலை மனைவியிடமும் ஒரு நகலைப் பிள்ளைகளில் ஒருவரிடமும் கொடுத்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.